ஐரீனின் பெட்டிக்குப் பூ வைத்தவர்கள்

செல்லோவைப் பார்த்திராதவர்கள் வயலினை நினைத்துக்கொள்ளுங்கள். அதை எட்டு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, ஊதிப் பெருத்த பிறகு எடுத்துத் தரையில் நிறுத்தினால் செல்லோ. நாற்காலியில் உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவே அணைத்துப் பிடித்துத்தான் வில் போட முடியும். குரலும் உடம்புக்கேற்றபடிதான், சளி பிடித்த பெரிய மனிதர் நிதானமாகப் பேசுவதுபோல.

இதை முப்பது வருஷம் சுமந்தவள் ஐரீன். வயது ஐம்பத்தெட்டு. மலேசியத் தொழில்நகரமான பாயான் பாருவில் அடுக்குமாடி வீடு, பக்கத்திலேயே ஃபேக்டரி. இரவு ஏழிலிருந்து காலை ஏழுவரை, எறும்பின் பல்லளவு கம்ப்யூட்டர் சில்லுகளில் கீறல் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடிக்குக் கீழே தேடும் வேலை.

செல்லோ அவளிடம் வந்ததே ஒரு கூத்து. சொந்த ஊருக்குத் திரும்பிய ஓர் இசை டீச்சர் அதைக் கோவிலுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அப்போதிருந்த ஃபாதர், பாடகர் குழுவை ஒரு தடவை பார்த்தார். "நீதான் உயரமா இருக்கே. நீயே பிடி" என்றார். தேர்வு முடிந்தது. ஐரீன் சூலியா தெருவில் ஒரு மாடியில் இரண்டு வருஷம் பாடம் படித்தாள். கீழே கடையில் பரோட்டா போன்ற ரொட்டிச்சானாய் வீசியவர் அவள் வில்லின் தாளத்துக்கே மாவை வீசுவாராம். அவள் தாளம் தப்பிய நாளில் கடை முழுக்கக் கிழிந்த ரொட்டிதானாம்.

அதற்கப்புறம் பஸ், படிக்கட்டு, மழை, மறுபடி பஸ். ஓட்டுநர் ஹஸ்ருல் அவளைக் கண்டாலே, "அக்கா, உங்க ஆளுக்கும் டிக்கெட் போடவா லா?" என்பான். பெட்டி பக்கத்து இருக்கையில் ஆள்போல உட்கார்ந்து வரும். இடது தோள் மட்டும் ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டே வந்தது.

விட்டுவிடுகிறேன் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! பாட்டுக் குழுத் தலைவர் பீட்டர் விடமாட்டார். இயேசு இறந்த துக்க நாளான பெரிய வெள்ளியன்று கோவிலில் கீபோர்டைத் திறக்கக் கூடாது. பாடுகிறவர்கள் பிடித்துக்கொள்ளச் செல்லோவின் அடிச்சுதி ஒன்றுதான் துணை.

"நீ இல்லேன்னா பாட்டு விழுந்துடும், ஐரீன்."

இந்த ஒரு வாக்கியம்தான் முப்பது வருஷமாக அவளைக் கட்டிப்போட்டிருந்தது. இந்த வருஷம் உறுதியாகச் சொல்லிவிட்டாள்: "இந்தப் பெரிய வெள்ளியோட கடைசி, பீட்டர் அண்ணே. சாமி சத்தியமா."

"சரி சரி, பார்க்கலாம்" என்றார் அவர். போன வருஷமும் இதையேதான் சொன்னார்.

திரும்பத் திரும்பத் தூக்க வேண்டாமென்று, இரண்டு வாரம் முன்பே பெட்டியைக் கோவிலில் புனித அந்தோனியார் சிலைக்குப் பக்கத்திலிருந்த காலி மாடத்தில் நிறுத்திவிட்டு வந்தாள். வேலை அழுத்தியதால் நடுவில் ஒரு பயிற்சிக்கும் போகவில்லை.

பெரிய வெள்ளி. அந்த ஊரில் அதற்கு விடுமுறை கிடையாது. இரவு வேலை முடித்து, வீட்டு வேலையும் பார்த்து, இரண்டு மணி நேரம் படுத்தோம் என்று பேர் பண்ணிவிட்டு, மத்தியானம் இரண்டரைக்குக் கோவிலுக்குள் நுழைந்தாள். அந்தோனியாருக்குப் பக்கத்தில் கூட்டம். எட்டிப் பார்த்தவளுக்குத் தூக்கம் போன இடம் தெரியவில்லை.

ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தின் கடைசி வாரங்களில் புனிதர்களின் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடிவைப்பது வழக்கம். கோவிலைப் பார்த்துக்கொள்ளும் டெஸ்மண்டிடம், "நிற்கிறதையெல்லாம் மூடு" என்று ஃபாதர் சொல்லியிருக்கிறார். செல்லோப் பெட்டியும் நின்றுகொண்டுதானே இருந்தது? டெஸ்மண்ட் அதற்கும் துணி போர்த்திவிட்டான். சின்னத் தலை, சரிந்த தோள், நல்ல அகலமான இடுப்பு. பார்த்தவர்களுக்குப் புனிதராகத்தான் தெரிந்தது. கழுத்தில் இப்போது மூன்று மல்லிகை மாலை. காலடியில் ஏழெட்டு மெழுகுவத்தி. மடித்துவைத்த விண்ணப்பச் சீட்டுகள் தனி.

முன்னால் முழங்காலிட்டிருந்த பிலோமினா அக்கா, பாசாரில் மீன் விற்கிறவர், ஐரீனைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். "புதுசா வந்த புனிதராம். பேர் யாருக்கும் தெரியல. இடுப்பு கொஞ்சம் பெருசு, ஆனா கேட்டது கிடைக்குது. எனக்கு முட்டி வலி போயிடுச்சு. நீயும் கேளு, பாப்பா."

"எனக்குத் தோள் வலி" என்றாள் ஐரீன். வேறென்ன சொல்வது?

பீட்டர் வியர்க்க விறுவிறுக்க வந்து காதில் சீறினார். "என்ன உட்கார்ந்துட்டே? துணியை எடு, வாத்தியத்தை எடு!"

"இத்தனை பேர் கும்பிட்டுட்டு இருக்கும்போதா? நீங்க எடுங்க, அண்ணே."

பீட்டர் கையை நீட்டினார். பிலோமினா அக்கா நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். மீன் வெட்டுகிறவர் பார்வை. நீட்டிய கை அப்படியே சிலுவை போட்டுக்கொண்டது. அதற்குள் மணி மூன்று.

செல்லோ இல்லாமலே வழிபாடு தொடங்கியது. முப்பது வருஷத்தில் முதல்முறையாக ஐரீன் பிலோமினா அக்காவோடு பெஞ்சில் உட்கார்ந்தாள். பாட்டு இன்று விழுந்தால் சாகும்வரை இந்தச் சுமைதான் என்று அவளுக்குத் தெரியும்.

புலம்பல் பாட்டுக்கு ஏழு சரணம். பீட்டர் வழக்கம்போல உச்சாணிச் சுதியில் எடுத்தார். இரண்டாவது சரணத்திலேயே சுதி கீழே சறுக்கத் தொடங்கிவிட்டது. மூன்றாவதில் இன்னும் ஒரு படி. ஐரீனின் இடது கை விரல்கள் முழங்கால்மேல் தானாகத் தந்தியை அழுத்தின. அடிச்சுதியைத் தொண்டையில் முனகினால்கூடப் போதும், பிடித்துக்கொள்வார்கள். வாய்வரை வந்தது. வாயை மூடிக்கொண்டு, கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள். விழட்டும். அவளிடம் இனிமேல் தெம்பில்லை.

விழுந்தது. ஐந்தாவது சரணத்தில் குழுவின் பெண்கள் தொண்டையின் தரைக்கே வந்துவிட்டார்கள்.

அப்போது பக்கத்தில் ஒரு குரல் எழுந்தது. பிலோமினா அக்கா. கரகரப்பான, மீன் விலை கூவிப் பழுத்த குரல். பின்பெஞ்சில் இன்னொன்று. அப்புறம் ஆண்கள். ஆறாவது சரணத்தில் கோவிலே பாடியது. வருஷா வருஷம் வாயை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோருக்கும் பாட்டு இப்போதுதான் எட்டும் உயரத்துக்கு வந்திருந்தது. இத்தனை காலமும் அதை எட்டாத இடத்தில் தாங்கிப் பிடித்தது யார் என்று ஐரீனுக்குப் புரிந்தது. சுருக்கென்று வலித்தது. மறுநொடி தோள் இரண்டும் தாமாகத் தளர்ந்தன.

முடிந்ததும் பீட்டர் ஓடிவந்தார். "ரெண்டு கட்டை இறங்கிடுச்சு லா!"

"இறங்கிச்சு, அண்ணே. ஜனங்க அங்கதானே இருந்தாங்க."

அவர் விடவில்லை. "நாளைக்கு…"

"நாளைக்கு ஈஸ்டர் ராப்பூசைக்குத்தான் கீபோர்டு திறப்பீங்களே. நான் தூங்கப்போறேன்."

"துணியை எடுக்கும்போது உள்ளே பெட்டி இருந்தா நான் என்னக்கா சொல்ல?" என்று டெஸ்மண்ட் பின்னாலேயே வந்தான்.

"நீதானே மூடினே? நீயே சொல்லிக்கோ."

பஸ்ஸில் ஏறும்போது பழக்கத்தில் இடது தோளைத் தூக்கினாள். ஒன்றும் இல்லை.

"அக்கா, உங்க ஆளு எங்கே?" என்றான் ஹஸ்ருல்.

"அவருக்குக் கோவில்ல மாலை போட்டுட்டாங்க. இனிமே வரமாட்டாரு லா."

காலியாக இருந்த பக்கத்து இருக்கையில் கால்களை நீட்டிக்கொண்டாள். பாயான் பாருவில் பஸ் நின்றது, கிளம்பியது, கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்பியும் வந்தது. இரண்டு தடவையும் அவள் எழுந்திருக்கவில்லை. ஹஸ்ருலும் எழுப்பவில்லை.