கோட் சொல்லுங்க

விடுமுறைத் தள்ளுபடி தொடங்கிய நாள் காலையில்தான் சித்தியின் மகன் வீட்டை விட்டுப் போனான். படிப்பைப் பாதியில் விட்டதை மாதக்கணக்கில் மறைத்து வைத்திருந்தான். அது தெரியவந்ததும் சித்தி, "இனிமே என் மூஞ்சியிலயே முழிக்காதே" என்று கத்தியிருக்கிறாள். மறுநாள் காலை, அவன் கிளம்பியது தெரியாமல் ஸ்கூட்டரில் முன்னும் பின்னும் பார்சல் மூட்டையோடு சிக்னலில் நின்றவள், எதிர்ப்பக்கப் பஸ் நிறுத்தத்தில் தோள்பையுடன் அவனைப் பார்த்தாள். பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்.

"அன்னிக்குப் பார்த்து வண்டி நிறைய சாமான். சாயங்காலம் பேசிக்கலாம்னு போயிட்டேன்டி" என்பாள் என்னிடம்.

சாயங்காலம் அவன் இல்லை.

சித்தப்பா இறந்த பிறகு சித்தி பிடித்துக்கொண்ட வேலை, வீடு வீடாகப் பார்சல் கொடுப்பது. குடோனில் அவளுக்குப் பெயர் பார்சலக்கா. நான் நாடு நாடாகச் சுற்றிவிட்டு வேலையில்லாமல் திரும்பியபோது, "சும்மா உட்கார்ந்து என்னத்தைக் கிழிக்கப் போறே, வா, லிஃப்ட் இல்லாத வீட்டுக்கெல்லாம் நீ ஏறு" என்று பின்சீட்டில் ஏற்றிக்கொண்டாள். வாசலில் அவள் சொல்வதெல்லாம் இரண்டே சொல்: "கோட் சொல்லுங்க." வாங்கியவரின் போனுக்கு வரும் எண்ணைப் போட்டால்தான் பார்சல் கொடுத்ததாகக் கணக்கு. இல்லையென்றால் மறுபடி தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்.

பண்டிகை நெருங்க நெருங்க மோசடியும் பெருகும். கதவிடுக்கு வழியாகவே பேசுவார்கள்.

"கோட்டெல்லாம் சொல்லக் கூடாதுன்னு டிவியில சொன்னான்."

"போன்ல கேட்டா சொல்லாதீங்கய்யா. நான் பார்சலோட எதிர்ல நிக்கறேன். என் மூஞ்சியைப் பார்த்துட்டுச் சொல்லுங்க."

"உன் மூஞ்சியைப் பார்த்துதாம்மா யோசிக்கறேன்."

சிரித்துவிட்டுக் காத்திருப்பாள். படியிறங்கும்போதுதான் திட்டுவாள்.

மகனுக்கு ஞாயிறுதோறும் மெசேஜ் அனுப்புவாள். 'சாப்பிட்டியா கண்ணு.' பதில் வராது. ஆனால் இரண்டு நீல டிக் விழும். அது விழுந்துவிட்டால் அந்த வாரம் அவளுக்கு ஓடிவிடும். பிள்ளை எங்கோ உயிரோடு இருக்கிறான், அம்மா எழுதியதைப் படிக்கிறான். ஒவ்வொரு தள்ளுபடியிலும் அவன் அளவுக்கு ஒரு சட்டை வாங்கிப் பிரிக்காமல் பீரோவில் வைப்பாள்.

நான் இன்னும் வெளிநாட்டில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு வருடம், ஆர்டர் போட்ட சட்டையை எதிர்பார்த்திருந்தபோது அவளுக்கு ஒரு போன் வந்தது. யார் வீட்டு வாசலிலோ கோட்டுக்காகக் காத்து நின்றிருந்தாள்.

"அக்கா, உங்க பார்சல். வீட்ல ஆளில்ல, பக்கத்து வீட்ல கொடுத்துடறேன். கோட் மட்டும் சொல்லிடுங்கக்கா. இன்னும் பாதி மூட்டை அப்படியே கிடக்கு."

எண் வந்தது. கூடவே, யாரிடமும் சொல்லாதீர்கள் என்ற எச்சரிக்கையும். எல்லாக் கோட்டோடும் அது வரும். அதை மீறிச் சொல்ல வைப்பதுதான் அவள் பிழைப்பே. சொல்லிவிட்டாள்.

"ஊருக்கெல்லாம் சொன்னேன், போன்ல சொல்லாதீங்கன்னு. அவன் மூச்சு வாங்கினான்டி. மாடி ஏறினவன் மூச்சு. அதை நம்பிட்டேன்."

அது பார்சலின் கோட் இல்லை. அவளுடைய மெசேஜ் கணக்கைத் திறக்கிற கோட். அரை மணி நேரத்தில் குடோன் மேற்பார்வையாளர் கூப்பிட்டார்.

"என்னக்கா, ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே பார்சல் போடறீங்களா? அவசரமாப் பணம் வேணும்னு எனக்கு மெசேஜ் வந்திருக்கு!"

அவர் சிரித்தார். சித்தியின் போனில் இருந்த அத்தனை பேருக்கும் அவள் பெயரில் அதே மெசேஜ் போயிருந்தது. மகனுக்கும் போயிருக்குமா? கூப்பிட்டுப் பார்த்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. அவள் கூப்பிட்டு அவன் என்றைக்கு எடுத்திருக்கிறான்?

ஒரு வாரம் போராடிக் கணக்கைத் திரும்ப வாங்கினாள். பழைய மெசேஜ்கள் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல எழுதினாள். ஒற்றை டிக். அடுத்த ஞாயிறும் அதேதான். கூப்பிட்டால் அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது.

இன்னமும் அனுப்புகிறாள். ஒற்றை டிக்கையே வெறித்துக்கொண்டிருப்பாள். "நெட் இல்லாத இடமா இருக்கும்" என்பாள். நான் தலையாட்டுவேன். சில நாள், "இருக்கானா இல்லையான்னு மட்டும் தெரிஞ்சா போதும்" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். அதற்கு எப்படித் தலையாட்டுவது?

போன வாரம் ஒரு சான்றிதழைத் தேடி, பயணத்துக்கு முன்பே கைவிட்டிருந்த மின்னஞ்சலைத் திறந்தேன். விளம்பரக் குப்பைக்கு நடுவே அவனுடைய கடிதம். அந்த மோசடி நடந்த அதே வாரத்தில் எழுதியது. உடனே பதில் போட்டேன். அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது.

சித்தி அடுத்த அறையில் நாளைய பார்சல்களைத் தெருவாரியாகப் பிரித்துக்கொண்டிருக்கிறாள். இதை அவளிடம் எப்படிப் படித்துக் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

"அக்கா, நான்தான். அம்மா, 'ஆஸ்பத்திரியில இருக்கேன், பணம் வேணும்'னு எழுதினாங்க. கையில இருந்ததை எல்லாம் அனுப்பிட்டேன். மன்னிச்சிடும்மா, நான் வந்து கூட இருக்கட்டுமான்னு கேட்டேன். வர வேண்டாம், பணத்தை மட்டும் அனுப்புன்னு பதில் வந்துச்சு. அம்மா கோவம் எனக்குத் தெரியும். இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன், நம்பரையும் மாத்திடறேன். அவங்களுக்கு உடம்பு சரியாயிடுச்சான்னு மட்டும் நீ போய்ப் பார்த்துக்கோ."