காது கிழிந்த மானும் பச்சை மொரிஸ் மைனரும்

மான் ஒன்று மோட்டார் காரை விழுங்கிவிட்டது என்று ஒரு முழுக் காலைப்பொழுது நான் நம்பிக்கொண்டிருந்தேன். தலை பாதி நரைத்தவன். கண்ணாடி போட்டவன். மூளையும் இருக்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். எங்கே வைத்தேன் என்பதுதான் அவர்களுக்கும் தெரியாது.

கார் பெரிதில்லை. உள்ளங்கைக்குள் அடங்குகிற உலோகக் கார். நான் சேர்ப்பது அவற்றைத்தான். இந்த வயதில் விளையாட்டுக் கார் சேர்க்கிறான் என்றால் ஊர் சிரிக்கும் என்பதால் வெளியில் மூச்சு விடுவதில்லை. எங்கள் கூட்டத்துக்கு ஒரு வினோதமான சட்டம் உண்டு. கார், அட்டையில் ஒட்டிய பிளாஸ்டிக் கூட்டுக்குள் வந்தபடியே இருக்கவேண்டும். பிரித்தால் பாவம். அட்டையின் மூலை கொஞ்சம் மடிந்தாலே எங்களுக்கு நெஞ்சு வலிக்கும். சுவரில் ஆணி அடித்து, அட்டையோடு தொங்கவிட்டு, எட்ட நின்று கும்பிடவேண்டியதுதான். காரை ஓட்டிப் பார்க்காதவனே உத்தமன்.

கிண்ணியாவில் இருக்கும் என் கூட்டாளிக்கும் இதே வியாதி. அன்று அவன் பாலம் தாண்டி மோட்டார் சைக்கிளில் வந்தது எனக்கு ஒரு பச்சை மொரிஸ் மைனரைத் தருவதற்கு. பதிலுக்கு என்னுடைய சிவப்பு மாடி பஸ். எத்தனையோ நோன்புப் பெருநாளும் பொங்கலும் நான் கெஞ்சியும் அவன் விடாமல் வைத்திருந்த மைனர் அது. கடற்கரையோரத் தேத்தண்ணிக் கடையின் வெளிக் கதிரையில் அதைப் பையோடு வைத்துவிட்டு, அவன் மோட்டார் சைக்கிளுக்குப் பூட்டியிருந்த புது விளக்கைப் பார்க்கப் போனோம். ஊருக்குள் மான்கள் மாடுகளைப் போலத் திரிவது எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து தெரியும். அவை சோறு சுற்றுகிற லஞ்ச் சீட்டையும் பேப்பரையும் அட்டையையும் விடுவதில்லை என்பதும் தெரியும்.

திரும்பிப் பார்த்தபோது, காது கிழிந்த பெண்மான் ஒன்று கதிரைக்குப் பக்கத்தில் நின்று எதையோ மென்றுகொண்டிருந்தது. வாயோரத்தில் அட்டையின் நீல மூலை. மடிந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கவே அதுவும் உள்ளே போய்விட்டது.

“மச்சான், கார்?”

கூட்டாளி மண்ணில் கிடந்த பையை எடுத்து உதறினான். காற்றுத்தான் விழுந்தது. “உள்ளுக்குப் போயிட்டு மச்சான்” என்றான், மையத்து வீட்டுக் குரலில்.

முதலில் எனக்குக் காருக்காகத்தான் அழுகை வந்தது. பிறகுதான் மற்றப் பயம் வந்தது. அச்சும் சக்கரமுமாய் ஓர் உலோகக் கட்டி, ஒரு மானின் குடலுக்குள். இது பிழைக்காது. ஊரே பழம் கொடுத்துச் செல்லம் பொழிகிற பிராணி. செத்தால் கொன்றவன் நான்.

கடைக்கார அக்கா உள்ளேயிருந்து தலையை நீட்டினார். “என்ன தம்பி, மான் எதையும் திண்டிட்டுதோ?”

“ஓம் அக்கா. ஒரு… முக்கியமான கடுதாசி.”

“ஐயோ! காணி உறுதிப் பத்திரமோ?”

மறுப்பதற்காகத்தான் வாயைத் திறந்தேன். “ஓம்” என்று வந்தது.

மான் கோட்டைப் பக்கமாக நடந்தது. நாங்களும் நடந்தோம். கூட்டாளிக்கு மாட்டு வைத்தியர் ஒருவரைத் தெரியும். தொலைபேசியில் அழைத்து, எனக்கும் கேட்கும்படி சத்தமாக வைத்தான்.

“டொக்டர், ஒரு மான் காரை முழுங்கினா என்ன செய்யிற?”

“என்னத்தை?”

“மொரிஸ் மைனர்.”

வைத்துவிட்டார். மறுபடி எடுத்தோம். “பச்சை நிறம், டொக்டர்!” என்று நான் உதவிக்குக் கத்தினேன். மறுபடியும் வைத்துவிட்டார்.

மான் ஒரு மரநிழலில் படுத்தது. சாகத்தான் படுக்கிறது என்று நான் தலையில் கைவைத்தேன். மாடு வளர்க்கிற வீட்டுப் பிள்ளையான கூட்டாளி தைரியம் சொன்னான்.

“மச்சான், இது அசைபோடுற சாதி. திண்டதெல்லாம் திரும்ப வாய்க்கு வரும்.”

“காருமோ?”

“வராம? ரிவேஸ்ல வரும்.”

மானுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தோம். அதன் கழுத்துக்குள் ஓர் உருண்டை மேலே ஏறும். நாங்கள் எழும்பி நிற்போம். மான் மெல்லும், தகரச் சத்தம் கேட்கிறதா என்று நான் காதை நீட்டுவேன். பிறகு அது விழுங்கும், நாங்கள் உட்காருவோம். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு ஏதோ தேகப்பயிற்சி என்று தோன்றியிருக்கும்.

ஓட்டோ ஒன்று வந்து நின்றது. ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். கடைக்கார அக்காவின் கதை எங்களுக்கு முன்னமே கோட்டை வாசலுக்கு வந்திருந்தது.

“அண்ணை, உங்கட உறுதியைத் திண்ட மான் இதுவோ? எங்க காணி?”

“நிலாவெளி.” இதையும் யார் சொன்னது என்று எனக்குத் தெரியாது. என் வாய்தான்.

“கடற்கரைக் காணியோ! அநியாயம்!” எனக்கு இல்லாத காணிக்காக அவர் மானை முறைத்துவிட்டுப் போனார்.

அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து அழைப்பு.

“எங்க நிக்கிறியள்?”

“ஒரு மானுக்குப் பின்னால.”

“மானுக்குப் பின்னால போன ஆம்பிளையளின்ர குடும்பம் ஒண்டும் உருப்பட்டதில்லை. வரேக்க ஒரு தேங்காய் வாங்கிக்கொண்டு வாங்கோ.”

மான் எழுந்தது. வாலைத் தூக்கியது. நாங்கள் மூச்சைப் பிடித்தோம். கடலைக்கொட்டை அளவில் கொஞ்சம் உருண்டைகள் விழுந்தன. கூட்டாளி குனிந்து ஆராய்ந்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

“இந்த ரோட்டால கார் வராது மச்சான். சைக்கிளும் வராது.”

கதலிப்பழம் ஒரு சீப்பு வாங்கி ஊட்டினோம். மான் முழுவதையும் தின்றது. பழத்தைச் சுற்றியிருந்த பேப்பரையும் தின்றது. மேலும் கேட்டு என் சட்டையை இழுத்தது. சாகப்போகிற எதுவும் இப்படிச் சாப்பிடாது என்று எனக்கு ஆறுதல். கடைசி ஆசையாக இருக்குமோ என்று உடனே திகில். உச்சி வெயிலில் மான் சுகமாகத் தூங்கியது. எங்களுக்குத்தான் வெயில் தாங்க ஏலாமல் போனது. தேத்தண்ணிக் கடைக்குத் திரும்பினோம்.

காணியிழந்தவனுக்கு அக்கா சீனி கூடப் போட்டுத் தந்தார். “கவலைப்படாதைங்கோ தம்பி. உறுதிக்குப் பிரதி எடுக்கலாமாம், விசாரிச்சனான்.”

கூட்டாளி ரோல்ஸ் எடுக்கப் பலகாரக் கண்ணாடி அலுமாரியைத் திறந்தான். கை அப்படியே நின்றது. “மச்சான்” என்றான். விரலால் காட்டினான்.

“அக்கா, இது?”

“அதோ? நீங்கள் மானுக்குப் பின்னால ஓடின கையோட முற்றம் கூட்டினனான். கதிரைக்குக் கீழ கிடந்தது. ஆரோ சின்னப் பிள்ளையின்ர, தேடி வருவினம் எண்டு எடுத்து வச்சனான். மேல ஒரு பிளாஸ்டிக் கூடு, ஒரே எச்சில். அதைப் பிச்சு எறிஞ்சுபோட்டன்.”

பிய்த்து எறிந்துவிட்டாராம்! கூட்டாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் அமர்ந்தான்.

“அது என்ர, அக்கா” என்றேன்.

“உங்கட பிள்ளையின்ரயோ?”

“என்ர.”

அக்கா என்னைப் பார்த்தார். காரைப் பார்த்தார். “அப்ப உறுதி?”

மான் தின்றது அட்டையை மட்டுந்தான். மொரிஸ் மைனர் காலையிலிருந்தே ரோல்ஸுக்கும் உழுந்து வடைக்கும் நடுவில், அந்த அலுமாரிக்குள் இருந்தது.