இரண்டு பேரும் பின்னுக்கு வந்தோம்

கிளிநொச்சியில் கண் ஒப்பரேசன் முடிந்து கணவரைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. அவரது இடக்கண்ணைப் பஞ்சு வைத்து மூடி ஒட்டியிருந்தார்கள். காலையிலிருந்து நடந்த எல்லாவற்றுக்கும் நான்தான் காரணம் என்று ஆகியிருந்தது. கிளினிக் அட்டையை மறந்தது நான். பிழையான வரிசையில் அவரை நிற்க வைத்தது நான். கன்ரீன் தேநீரில் சீனி கூடிப்போனதற்கும் நான்.

வாகனம் விடும் இடம் வெறும் கிரவல் தரை. கோடு ஒன்றும் கிடையாது. வந்தவர்கள் தாங்களாகவே இரண்டு வரிசையாக விட்டிருந்தார்கள், ஒன்றின் பின்பக்கம் மற்றதன் பின்பக்கத்தைப் பார்த்தபடி. நான் கண்ணாடியில் பார்த்தேன். தலையைத் திருப்பியும் பார்த்தேன். பிறகுதான் காரைப் பின்னுக்கு எடுத்தேன். எதிர்வரிசையில் நின்ற வெள்ளை வானும் அதே நேரம் பின்னுக்கு வந்தது.

சத்தம் பெரிதாக இல்லை. தகர வாளியைக் காலால் தட்டியது போல இருந்தது. இறங்கிப் பார்த்தால் என் காரின் டிக்கி மூடி உள்ளே போயிருந்தது. வானின் பின் லைற் நொறுங்கிக் கீழே கிடந்தது.

வான் ஓட்டிவந்தவருக்கு முப்பது வயதிருக்கும். முல்லைத்தீவுக் கரையிலிருந்து நோயாளிகளைக் கூலிக்கு ஏற்றி வந்தவர்.

“பின்னுக்குப் பாக்காமல் எடுக்கிறியளே, அக்கா?”

“நீங்கள் பாத்தனீங்களோ?”

“பாத்தனான். நீங்கள் சும்மா நிண்டனீங்கள்.”

நான் பார்த்தபோதும் அவர் சும்மாதான் நின்றார்.

ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒருவராவது என்னிடம் கேட்கவில்லை. காரின் கதவைத் திறந்து, ஒற்றைக் கண்ணோடு இருந்த என் கணவரிடம் கேட்டார்கள். “ஐயா, என்ன நடந்தது?”

“எனக்கென்ன தெரியும்? மருந்துப் பையைப் பாத்துக்கொண்டிருந்தனான்” என்றார். பிறகு, “மெதுவா எடு எண்டு சொன்னனான்” என்று சேர்த்துக்கொண்டார்.

அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அதை மறுத்துப் பேச எனக்குத் தெம்பில்லை.

இன்சூரன்ஸுக்கு அறிவித்துவிட்டு மதில் நிழலில் நின்றேன். வான்காரர் பக்கத்தில் வந்தார். குரல் இறங்கியிருந்தது.

“அக்கா, ஒண்டு கேக்கிறன், கோவிக்காதேங்கோ. உங்களுக்கு முழு இன்சூரன்ஸ்தானே? எனக்கு அது இல்லை. வானும் முதலாளியின்ர. நீங்கள் இடிச்சது எண்டு சொன்னால் உங்கட இன்சூரன்ஸ் ஆக்கள் ரெண்டையும் திருத்தித் தருவினம். ஒருத்தருக்கும் நட்டம் வராது.”

அவர் கேட்டது வஞ்சகமாகப் படவில்லை. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். அந்தச் சொல் வாய்வரைக்கும் வந்தது. ஆனால் காலையிலிருந்து எத்தனையோ பிழைகளை வாங்கிச் சுமந்திருந்தேன். இதையும் தூக்க என்னால் முடியவில்லை.

“தம்பி, நான் இடிச்சன் எண்டு சொல்லமாட்டன். நீங்கள் இடிச்சது எண்டும் சொல்லமாட்டன். ரெண்டு பேரும் பின்னுக்கு வந்தம். அவ்வளவுதான்.”

“முதலாளி என்னை விடான், அக்கா.”

“விளங்குது. ஆனால் என்னால ஏலாது.”

இன்சூரன்ஸ்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து படம் எடுத்தார். கண்ட சாட்சி யாரும் உண்டோ என்று கேட்டார். கணவரைக் காட்டினேன். கண்கட்டைப் பார்த்துவிட்டு, “வேற ஆரும்?” என்றார். அதுவரை தீர்ப்புச் சொன்ன ஆட்கள் ஒவ்வொருவராகக் கலைந்துபோனார்கள். இன்சூரன்ஸ்காரர் பொலிஸில் ஒரு பதிவு போடச் சொன்னார்.

பொலிஸ் நிலையத்தில் நானும் வான்காரரும் ஒரே மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். போக்குவரத்துப் பொலிஸ்காரர் தமிழர், நாள் முழுவதும் வெயிலில் நின்ற முகம். இருவரையும் தனித்தனியாகக் கேட்டார். நான் சொன்னதையே வான்காரரும் மாற்றாமல் சொன்னார். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

“ஒராள் நிண்டிருந்தால் மற்றாளின்ர பிழை எண்டு எழுதலாம். ரெண்டு பேரும் அசைஞ்சிருக்கிறியள், ரெண்டு பேருக்கும் மற்றாளைப் பாக்கிற பொறுப்பு இருக்கு. அவரவர் வாகனத்தை அவரவர் திருத்துங்கோ. இல்லையெண்டால் கோட்டுக்குப் போங்கோ.”

நீதிமன்றம் என்றதும், அது வேண்டாமென்று இருவரும் ஒன்றாகத் தலையாட்டினோம்.

வெளியே வந்தபோது என் டிக்கி மூடி வாய் பிளந்தபடி நின்றது. வான்காரர் அதைப் பார்த்தார். பிறகு வானுக்குள்ளிருந்து வலைக்கயிற்றுத் துண்டு ஒன்றை எடுத்துவந்து மூடியை இழுத்துக் கட்டினார். நன்றி சொன்னேன். அவர் திரும்பிப் போய் வானில் ஏறினார். என்மேல் இருந்த கோபம் ஆறியிருக்காது. எங்கள் வீடிருக்கும் முரசுமோட்டை வரைக்கும் அந்த முடிச்சு அவிழவில்லை.

இரண்டு நாளில் வானின் முதலாளி தொலைபேசியில் வந்தார். “ஐயாட்டக் குடுங்கோ, பிள்ளை” என்றார்.

“கார் ஓடினது நான். என்னோடயே கதையுங்கோ.”

அவர் கொஞ்சம் கத்தினார். பொலிஸ் பதிவைச் சொன்னேன். வைத்துவிட்டார். அந்தத் தம்பியின் வேலை என்ன ஆனதென்று கேட்டிருக்கலாம். கேட்க நினைத்தபோது அழைப்பு முடிந்திருந்தது. திரும்ப அழைக்க என் கை போகவில்லை.

என் வாகனத்துக்கு இன்சூரன்ஸ் கிடைத்தது, பலமுறை அலைந்த பிறகு. அடுத்த கிளினிக் நாளன்று கார் கராச்சில் இருந்ததால் பஸ்ஸில் போனோம். கணவருக்கு ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. ஏன் காரைத் திருத்த இவ்வளவு நாள் என்று கேட்டார். ஏதோ பதில் சொல்லத் தொடங்கினேன், சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிட்டேன்.