கம்ப்யூட்டருக்கு விபூதி போட்டது நான்தான்

பிள்ளைகளே, நம் குடும்பத்தில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் கதை ஒன்று உண்டு. அம்மா கம்ப்யூட்டருக்கு விபூதி போட்ட கதை. மூத்தவள் கல்யாணத்தில்கூட அதைச் சொல்லிச் சிரித்தீர்கள். அம்மாவும் சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். ஆனால் அந்தக் கதையில் ஒரு பொய் இருக்கிறது. விபூதி போட்டது அம்மா இல்லை, நான். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நாம் மெர்லிமாவ் பக்கத்தில் செம்பனைத் தோட்டத்து வீட்டில் இருந்தோம். எனக்கு எண்ணெய் ஆலையில் மெஷின்களுக்கு கிரீஸ் போடும் வேலை. தோட்டத்து ஆபீசுக்குப் புது கம்ப்யூட்டர் வந்ததும் பழையதை மூலையில் தள்ளிவிட்டார்கள். ஆபீசில் கணக்குப் பார்க்கும் பெரிய கிராணியிடம் போய்க் கேட்டேன். "தூக்கிட்டுப் போய்யா. கெட்டுப்போச்சுன்னு எங்கிட்ட வந்து நிக்காத" என்றார். அம்மா தன் தையல் மெஷினை மடக்கி, அதன் மேல் பலகை போட்டு இடம் கொடுத்தாள்.

மூத்தவள் அப்போது மூன்றாம் படிவம், பதினைந்து வயது. பள்ளிக்கு ஃபோலியோ என்று ஓர் ஆய்வுத் தொகுப்பு கொடுக்க வேண்டும். அதைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்கப் போவதாகத் தோழிகளிடம் சொல்லிவிட்டாள். அவள் அடிக்கும்போது அம்மா கை துடைத்துக்கொண்டே பின்னால் வந்து நிற்பாள். ஒருநாள் கேட்டாள்.

"என் பேரு இதுல வருமா?"

மூத்தவள் அடித்துக் காட்டினாள். அம்மா திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள்.

"நானும் ஒரு தடவ அடிச்சுப் பாக்கவா?"

"ஃபோலியோ முடியட்டும்மா. அப்புறம் சொல்லித் தரேன்."

அம்மா சரி என்று அடுப்படிக்குப் போனாள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கும். இரண்டு பக்கம் அடித்ததும் நின்றுவிடும். அடித்ததெல்லாம் போய்விடும். மூத்தவள் அழுவாள். மெமரி போதவில்லை, இன்னொன்று போட்டால் சரியாகிவிடும் என்று அவள் வகுப்பு ஆசிரியர் சொன்னாராம். புதுசு வாங்க நமக்கு வழியில்லை. ஜாசினில் ஒரு மாடிக்கடையில் தமிழ்ப் பையன் ஒருவர் பழைய சாமான் விற்பதாகக் கேள்விப்பட்டேன். என் மோட்டார் சைக்கிளின் பின் டயர் வழுவழுவென்று தேய்ந்து கிடந்தது. அதை மாற்ற வைத்திருந்த காசை எடுத்துக்கொண்டு போனேன்.

அவர் ஒரு சின்னப் பச்சைப் பலகையை எடுத்தார். விரல் நீளம்தான். ஒரு ஓரத்தில் வரிசையாகப் பல் மாதிரி தகடுகள். தன் கம்ப்யூட்டரில் மாட்டி, ஓடுகிறது என்று எனக்குக் காட்டினார்.

"அங்கிள், உங்க கம்ப்யூட்டர கொண்டாங்க. நானே மாட்டித் தரேன்."

"அதுக்குத் தனிக் காசா?"

"கொஞ்சம்தான்லா அங்கிள்."

"வேணாம் தம்பி. நான் மெஷின்காரன். நானே பூட்டிக்குவேன்."

"சரி. இந்தப் பல்ல மட்டும் கையால தொடாதீங்க. அப்படியே வச்சு அழுத்துங்க."

ஞாயிறு காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தேன். மூத்தவள் குளிக்கப் போயிருந்தாள். உள்ளே இருந்த பழைய மெமரியின் பல்லும் மங்கி இருந்தது, நான் வாங்கி வந்ததும் மங்கி இருந்தது. ஆலையில் பேட்டரி முனையில் அழுக்கேறினால் தேய்த்துத்தான் மாட்டுவோம். இங்கே எதை வைத்துத் தேய்ப்பது? சாமி மேடையில் அம்மா விபூதி போட்டுத் தேய்த்த பித்தளை விளக்கு பளபளவென்று நின்றது. எனக்கு வேறு யோசனை வரவில்லை. ஈரத்துணியில் விபூதியைத் தொட்டு இரண்டையும் தேய்த்தேன். அம்மா காபியோடு வந்தாள்.

"என்னங்க பண்றீங்க? அதுக்குப் போயி துன்னூறு போடலாமா?"

"உனக்கு என்ன தெரியும்? உள்ள போ."

போய்விட்டாள். மாட்டினேன். சுவிட்சைத் தட்டினால் கீ, கீ, கீ என்று கத்தல். திரை கறுப்பு. கழற்றி மாட்டினேன், அதே கத்தல். குளித்துவிட்டு வந்த மூத்தவள் ஈரத் தலையோடு அப்படியே நின்றாள். முன்பு இரண்டு பக்கமாவது ஓடியது. இப்போது அதுவும் இல்லை. ஃபோலியோ கொடுக்க அந்த வாரம்தான் கடைசி.

எனக்கு என் கை மேல் சந்தேகமே வரவில்லை. கடைக்காரர் மேல்தான் வந்தது. கம்ப்யூட்டரைக் கைலியில் சுற்றி மூத்தவள் மடியில் வைத்து, தேய்ந்த டயரோடு ஜாசினுக்கு ஓட்டினேன். கடையில் நாலு பேர் இருந்தார்கள். படியேறும்போதே கத்த ஆரம்பித்துவிட்டேன்.

"தமிழன் கடைன்னு நம்பி வந்தா தமிழனையே ஏமாத்துறியா? ஓடாத சாமான என் தலையில கட்டிட்டியே!"

"அங்கிள், உங்க கண்ணு முன்னாலதான டெஸ்ட் பண்ணேன்?"

"எல்லாம் கண்கட்டு வித்தை!"

அவர் கம்ப்யூட்டரை வாங்கி மேசையில் வைத்தார். கைலியைப் பிரித்து, மூடியைத் திறந்து, மெமரியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். மெமரி உட்காரும் பள்ளத்தில் விரலை விட்டு எடுத்தார். விரல் நுனி வெள்ளையாக இருந்தது. மோந்து பார்த்தார்.

"அங்கிள்... இது விபூதியா?"

நாலு பேரும் திரும்பினார்கள். ஒருவர் சிரித்தே விட்டார். மூத்தவள் என்னைப் பார்த்தாள். நான்தான் என்று சொல்ல ஒரு நொடி போதும். சொல்லவில்லை. என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"வீட்டுல பொம்பள... சாமி கும்பிடறப்போ பூசியிருக்கும். அதுக்கு என்ன தெரியும்?"

காலையில் அம்மாவிடம் சொன்ன அதே வார்த்தை.

கடைக்காரர் பள்ளிப்பிள்ளைகள் வைத்திருக்கும் அழிப்பானால் அந்தப் பற்களைத் தேய்த்தார். சின்னத் தூரிகையால் பள்ளத்தைச் சுத்தம் செய்தார். கம்ப்யூட்டர் ஓடியது. காசு வாங்கவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. அவரை ஏமாற்றுக்காரன் என்று நாலு பேர் முன்னால் சொன்னேன், நாலு பேர் முன்னால் திருப்பி எடுக்கவில்லை.

ஃபோலியோ முடிந்தது. நல்ல புள்ளி வந்தது. "அம்மாவாலதான் அன்னிக்கு மானம் போச்சு" என்று மூத்தவள் உங்களிடம் சொல்ல, கதை வீட்டில் பரவியது. அம்மா மறுக்கவில்லை. மகளிடம் போய் "நான் இல்லடி, உங்கப்பா" என்று அவள் சொல்லியிருக்கலாம். நான் அதற்காகப் பயந்துகொண்டே இருந்தேன்.

பிறகு ஒருநாள் மெர்லிமாவ் பசார் மாலாமில், அந்த இரவுச் சந்தையில், கம்ப்யூட்டர் கடைக்காரர் எதிரே வந்தார். அம்மா என் பக்கத்தில் இருந்தாள்.

"ஆன்ட்டி, கம்ப்யூட்டருக்குப் பூசை எல்லாம் வேணாம்லா. கரண்டு குடுத்தா போதும்."

அம்மா ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கத்தரிக்காயைப் பொறுக்கினேன்.

"தெரியாம பண்ணிட்டேன் தம்பி. அடுத்த தடவ குங்குமத்தோட நிறுத்திக்கறேன்" என்றாள்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். வீட்டுக்கு வரும்வரை அவள் என்ன கேட்பாளோ என்று காத்திருந்தேன். வாசலில் இறங்கியதும், "வெங்காயம் வாங்க மறந்துட்டோம்" என்றாள். அவ்வளவுதான்.

அதற்கப்புறம் அவள் கம்ப்யூட்டர் பக்கம் போனால் நீங்கள் யாராவது ஒருவர் கத்துவீர்கள்: "அம்மா, தொடாதீங்க!" விளையாட்டாகத்தான். ஆனால் பலகையைத் துடைக்கும்போதுகூட அவள் அதைச் சுற்றித் துடைப்பாள், அதன் மேல் துணி படாது. மூத்தவள் சொல்லித் தருவதாகச் சொன்னதை அம்மா மறுபடி கேட்கவே இல்லை. நீங்களும் மறந்துவிட்டீர்கள். நான் மறக்கவில்லை, ஆனால் வாய் திறக்கவில்லை.

போன மாதம் சின்னவன் அவளுக்குக் கைப்பேசி வாங்கி வந்து கையில் கொடுத்தான். அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "நான் தொட்டா கெட்டுப்போகும்டா. எனக்கு என்ன தெரியும்?" என்றாள். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். அன்று என்னால் சிரிக்க முடியவில்லை. அது அவள் வார்த்தை இல்லை. நான் கொடுத்தது.

இதை எழுதுகிறேன் என்று நேற்று அவளிடம் சொன்னேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "இப்ப எதுக்குங்க அதெல்லாம்?" என்றாள். இன்னொரு கொத்தை உருவி முடித்து, "உள்ள போன்னு என்னைய வெரட்டினீங்களே, அதையும் எழுதிட்டீங்களா?" என்று கேட்டாள்.

எழுதிவிட்டேன் என்றேன். கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அந்தக் கைப்பேசி இன்னும் பெட்டியோடு அலமாரி மேல் இருக்கிறது. அடுத்து வீட்டுக்கு வருகிறவர் யாரானாலும் அதை எடுத்து அவள் கையில் வையுங்கள். முதலில் அவள் பேரை அடிக்கச் சொல்லுங்கள். கெட்டுப்போனால் என்னைத் திட்டுங்கள்.