மதினியின் கம்பு டப்பா

அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. போடியிலிருந்து அண்ணன் மகன். "அத்தே, அம்மா போயிட்டாங்க" என்றான். பிறகு அவனே சொன்னான்: "நேத்துப் பறக்கவிட்ட பெட்டப் புறா ஒண்ணு இன்னும் எறங்கல அத்தே. எதுத்த வீட்டுத் தண்ணித் தொட்டி மேலயே ஒக்காந்திருக்கு." அதைக் கேட்ட பிறகுதான் அழுகை வந்தது. உட்கார்ந்து அழ என்னால் ஆகாது. அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே அழுதேன்.

என் அண்ணன் மனைவி, என் மதினியைத் தெரிந்தவர்கள் இதைப் படிப்பீர்கள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழை பார்த்தது என் பேத்தி. அவள் காலேஜில் பாடம் நடத்துகிறாள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

என் அண்ணன் குரங்கணிக்கு மேலே ஏலத் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்தார். திங்கட்கிழமை ஜீப்பில் ஏறினால் சனிக்கிழமைதான் இறங்குவார். மலைக் குளிருக்குப் புறாச் சாறு நல்லதென்று யாரோ சொல்ல, ஒரு ஜோடி வாங்கி வந்து மாடியில் விட்டார். அது குஞ்சு பொரித்துப் பெருகியது. ஒரு திங்கட்கிழமை அதில் ஒன்றைக் கூடையில் போட்டு மலைக்குக் கொண்டுபோனார். மூடியைத் திறந்ததும் பறந்துவிட்டது. அண்ணன் அந்த வாரம் வெறுங்கஞ்சி குடித்துவிட்டு சனிக்கிழமை வந்து பார்த்தால், அது மாடியில் கம்பு தின்றுகொண்டிருந்தது. "அன்னைக்குச் சாயங்காலமே வந்துருச்சு. நீங்கதான் லேட்டு" என்றாராம் மதினி.

அப்போது பிடித்ததுதான் மதினிக்கு அந்த ஆசை. ஊரில் ஆம்பளைகள் சிலர் புறாப் பந்தயம் விடுவதை விசாரித்து, தன் புறாவையும் காலில் பந்தய வளையம் மாட்டிக் கொடுத்தனுப்பினார். தெரு சும்மா இருக்குமா? "ஒம் புருசன் கால்லயும் ஒரு வளையத்த மாட்டி விடு, வெரசா வருவான்" என்று குழாயடியில் கேட்டார்கள். அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. மதினி அப்போது ஏழு மாசம். அவர் மாடிப்படி ஏறி இறங்குவதில் அண்ணனுக்குப் பயம் வேறு. ராசிங்காபுரத்தில் இருந்த எனக்கு ஆள் விட்டார். இந்தச் சனிக்கிழமையோடு சரி, ஞாயிற்றுக்கிழமை கூட்டைப் பிரித்துப் பலகையை அடுப்பில் வைத்துவிடப் போகிறேன், நீ முன்னாடியே போய் அவளுக்குப் புத்தி சொல் என்று.

வருஷம் எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ. அந்தச் சனிக்கிழமை புது மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு, சொல்ல வேண்டியதையெல்லாம் பஸ்சிலேயே அடுக்கிக்கொண்டு போய் இறங்கினேன். வீடு திறந்து கிடந்தது. வாங்க என்று சொல்ல ஆளில்லை. கோபத்தோடு மாடி ஏறினால், மதினி கைப்பிடிச் சுவர் ஓரமாகக் குந்தி, தகர டப்பாவில் கம்பைப் போட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பாமலே, "மதினி, அப்படியே நில்லுங்க, அசையாதீங்க" என்றார். அவரை நான் மதினி என்பேன், என்னை அவரும் மதினி என்பார்.

மெதுவான குரலிலேயே எல்லாம் சொன்னார். லாரியில் விழுப்புரம் வரை கொண்டுபோய் விடியற்காலம் திறந்துவிட்டிருக்கிறார்கள். வந்த புறா கூட்டுக்குள் நுழைய வேண்டும். அதன் காலிலிருக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்றி, கடைத்தெருவுக்கு அந்தப்பக்கம் பந்தயத் தலைவர் வீட்டிலிருக்கும், நேரம் பதியும் கடிகாரப் பெட்டியில் கொண்டுபோய்ப் போட வேண்டும். அப்போதுதான் கணக்கு. எங்கள் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்ததுதான் ஊருக்கே முதலில் வந்த புறா. இறங்க மாட்டேன் என்கிறது.

"வீடு தெரியாமச் சுத்தல மதினி. ஒங்க சேலையப் பாத்து யோசிக்குது."

ஒரு சாக்கை என் பக்கம் தள்ளினார். ராசிங்காபுரத்தில் ஒரு வீட்டுக்கு மூத்த மருமகளான நான், ஏலக்காய் வாசம் அடிக்கும் சாக்கைப் போர்த்திக்கொண்டு சுடுதளத்தில் உட்கார்ந்தேன். கால் மரத்தது, வேர்த்தது. அடுக்கி வைத்த பேச்செல்லாம் வாய்க்குள் நமநமத்தது.

"எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும். அது எறங்கட்டும், அப்பறம் வையுங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பிரிக்கச் சொன்னாப் பிரிச்சிர்றேன். ஆனா வெளிய ஒண்ணு நிக்கிறப்பப் பிரிச்சா, அது எங்க வந்து எறங்கும்?"

டப்பா குலுங்கிக்கொண்டே இருந்தது. ஒருவழியாகப் புறா சுவரில் உட்கார்ந்து, கழுத்தை நீட்டிப் பார்த்து, கூட்டுக்குள் குதித்தது. மதினி வளையத்தைக் கழற்றிவிட்டார். ஓடுகிறேன் என்று சொல்லியிருந்த பக்கத்து வீட்டுக்காரர் அந்த நேரம் பார்த்து டீ குடிக்கப் போயிருந்தார். மதினி தன் வயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

நான் ஓடினேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, போடி கடைத்தெருவில், பட்டப்பகலில் ஓடினேன். முக்கில் குரங்கணி ஜீப்பிலிருந்து அண்ணன் இறங்கிக்கொண்டிருந்தார். "ஏத்தா, அவளுக்கு என்னாச்சு?" என்று பையைப் போட்டுவிட்டு அவரும் என் பின்னால் ஓடிவந்தார். பதில் சொல்ல மூச்சில்லை. பெட்டியில் வளையத்தைப் போட்ட பிறகுதான், என் சேலையைப் பார்த்துப் புறா இறங்காமல் சுற்றியது வரை எல்லாம் சொன்னேன். மூன்றாவது இடம் என்றார்கள். வானத்துக்கு முதலில் வந்தது, பெட்டிக்கு மூன்றாவதாக வந்தது.

திரும்பி வந்ததும் வீட்டு வாசலில் அண்ணன் கேட்டார்: "இந்த மஞ்சச் சேலைய ஒனக்கு யாரு எடுத்துக் குடுத்தது?"

ஞாயிற்றுக்கிழமை சுத்தியல் சத்தம் கேட்டுத் திக்கென்று மாடிக்குப் போனேன். அண்ணன் கூட்டில் புதிதாக ஒரு பலகை அடித்துக்கொண்டிருந்தார்.

இப்போது போன் வந்ததும் போடிக்குப் போனேன். மதினியை எடுத்துக்கொண்டு ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனதும், நான் மாடி ஏறினேன். துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அங்கே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். கீழே போங்கள் என்றேன். சிலருக்கு வருத்தம்தான். பெட்டைப் புறா அதே எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் இருந்தது. ஒரு சாக்கைத் தேடிப் போர்த்திக்கொண்டு டப்பாவைக் குலுக்கினேன். முழங்கால் கடுத்தது. ஓர் இடத்தில் இரண்டு நிமிஷம் நிலைக்காதவள் என்று என் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அன்றைக்கு வெயில் சாயும்வரை நான் அசையவில்லை.

அது இறங்கியது.

அந்த டப்பாவைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். ஆனால் மதினி எனக்குக் கொடுத்தது டப்பா இல்லை. அன்று அந்தப் பெட்டை கூட்டுக்குள் நுழைந்தபோது அதன் காலில் வளையம் கிடையாது. கொண்டுபோய்ச் சேர்க்க ஓர் இடமும் கிடையாது. ஆனாலும் நான் எழுந்து, சேலையைச் செருகிக்கொண்டு, ஓடுவதற்காக மாடிப்படி வரைக்கும் போய்விட்டேன்.