எண்ணெய் உடம்புக்கு ஒரு மின்சுற்று

கோமதி மேடம் இறந்துபோன செய்தி எனக்கு ஒரு படமாகத்தான் வந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் கைபேசியைத் திறந்தால் கல்லூரியின் முத்திரை, எரிகிற விளக்கு, ரோஜாப்பூ, நடுவில் மேடமின் முகம். ‘எங்கள் கல்லூரியின் பெருமை’ என்று கீழே எழுதியிருந்தது. அவருடைய கணவர் சங்கரன் சார் அழுதுகொண்டே என்னைக் கூப்பிட்டது அதற்குப் பிறகு. உடம்பு ராயகிரியிலிருந்து தென்காசி வீட்டுக்கு வந்து சேரும் முன்பே கல்லூரியில் உட்கார்ந்து பெருமைப்பட்டு முடித்துவிட்டார்கள்.

ராயகிரியில் அவருக்கு என்ன வேலை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். மின்னணுவியல் பேராசிரியர், முனைவர் பட்டம் வாங்கியவர். அவரைச் சித்திரை வெயிலில் தெருத்தெருவாக அனுப்பியிருந்தார்கள். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வீட்டைத் தேடிப்போய், ‘எங்கள் கல்லூரியில் சேருங்கள்’ என்று நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். வெயில்தான் கொன்றது என்று சொல்ல நான் இதய மருத்துவர் இல்லை. ஆனால் அந்த வெயிலில் அவரை நிறுத்தியது யார், எதற்காக நிறுத்தினார்கள் என்று எனக்குத் தெரியும். அஞ்சலி எழுதும்போது கோபம் கூடாது என்பார்கள். எனக்கு இப்போது வேறெதுவும் வரவில்லை.

என் பெயர் பேச்சியம்மாள். ஆய்க்குடிப் பக்கம் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். மரத்திலிருந்தும் லாரியிலிருந்தும் விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்கள்தான் என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர். மேடமை முதலில் பார்த்தது அங்கேதான். மாணவர்களைச் சமூக சேவை என்று ஒருநாள் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பிள்ளைகள் சக்கர நாற்காலிகளோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் என்னிடம் வந்து, “இவங்களுக்கு எங்கெங்க வலிக்காது?” என்று கேட்டார்.

எங்கே வலிக்கிறது என்று கேட்கிறவர்களைத்தான் எனக்குத் தெரியும். இப்படிக் கேட்டவர் அவர் ஒருவர்தான். ஏனென்றால் வலிக்காத இடம்தான் இவர்களைக் கொல்லும். நாமெல்லாம் உட்கார்ந்த இடத்தில் கடுத்தால் நம்மை அறியாமலே புரண்டு கொடுக்கிறோம். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவருக்குக் கடுப்பது தெரியாது. அழுத்தம் பட்ட தோலுக்கு ரத்தம் போகாமல் செத்து, புண்ணாகி, எலும்புவரை போய்விடும். படுத்தால் மாதக்கணக்கு. சிலர் எழுந்திருப்பதே இல்லை.

அன்றைக்கு எங்களிடம் வந்திருந்தவர்களில் ஒருவர் மாடசாமி. பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்கினவர். வெங்காய லாரியின் உச்சியிலிருந்து விழுந்த பிறகு, கமிஷன் மண்டி முதலாளி அவரைக் கைவிடாமல் எடைச்சீட்டு எழுதும் வேலை கொடுத்திருந்தார். விடியும் முன்னே உட்கார்ந்தால் சந்தை கலையும்வரை உட்கார வேண்டும். மூட்டைகள் வந்துகொண்டே இருக்கும்போது கைகளை ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும் என்ற ஞாபகம் யாருக்கு வரும்? ஏற்கெனவே ஒரு புண் வந்து, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்திருந்தார். இன்னொன்று வந்தால் வேலையும் போகும், ஆளும் போகலாம். மேடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, “அவருக்குப் பதிலா கடுக்கதுக்கு ஒண்ணு செய்யணும்” என்றார்.

அப்படித்தான் அது தொடங்கியது. இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும் மின்சுற்று. சாதாரண மின்சுற்று பச்சை அட்டையில் இருக்கும், மடித்தால் உடையும். உடம்பு மடியும், நீளும், வியர்க்கும். மேடம் மெல்லிய செம்புக் கோடுகளை வளைத்து வளைத்து ரப்பருக்குள் பதித்தார். எனக்குப் புரியவேண்டும் என்பதற்காக, “ஆரியங்காவு ரோடு நேராவா போகுது? வளைஞ்சு வளைஞ்சுதான மலை ஏறுது? இந்த ரப்பர இழுத்தா அந்த வளைவு மட்டும் நிமிரும் பேச்சி, கம்பி அறாது” என்று விளக்கினார். அழுத்தத்தை அறிய, கரித்தூள் கலந்த ரப்பர்த் துண்டுகள். ஒரே இடத்தில் அழுத்தம் நீடித்தால், மாடசாமிக்கு உணர்வு உள்ள இடமான தோளில் ஒரு பொட்டு அளவு மோட்டார் அதிரும். உடனே அவர் கையை ஊன்றி எழும்பிக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான்.

முதலில் செய்தது தோலில் ஒட்டுகிற பட்டை. கல்லூரி ஆய்வகத்தில், ஏசி அறையில், மாணவர்கள் கையில் ஒட்டிப் பார்த்தபோது பிரமாதமாக நின்றது. மாடசாமிக்கு இடுப்புக்குக் கீழே ஒட்டினோம். மறுநாள் காலையில் அவர் மனைவி பொன்னுத்தாய் அதை அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்து மடிப்புக்குள்ளிருந்து எடுத்துக்கொண்டு வந்தாள். எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

“நான் தெனமும் தேங்காண்ணெ தேச்சு விடுதேன் மேடம். காலுக்கு உசுரு வரும்லா” என்றாள்.

இது எங்களில் யாருக்குமே தோன்றவில்லை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்து, எண்ணெய் தேய்க்காத உடம்பைக் கண்ணால் கண்டிராத நாங்கள் உலர்ந்த தோலுக்கு ஒரு சாமானைச் செய்திருந்தோம். நான் உடனே, எண்ணெயை நிறுத்து என்று பொன்னுத்தாயை ஏசப் போனேன். மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஏட்டி, சும்மா இரு. அவ அவரத் தொடுதது அந்த நேரந்தான். அதயும் நிறுத்தவா? எண்ணெய நிறுத்தச் சொல்லாத சர்க்யூட்டு நான் செய்யுதேன்” என்றார்.

ஒட்டுவதை விட்டுவிட்டு, உடம்போடு இறுக்கிப் பிடிக்கும் அரை டவுசராக மாற்றினார். எண்ணெயில் அது எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்க வேண்டும். பெரிய ஊர்களில் இதற்கென்று இயந்திரம் இருக்கிறதாம்; இழுக்கும், விடும், இழுக்கும், விடும். எங்கள் மேடம் குற்றாலத்துக்குக் கிளம்பினார். சாரல் காலம். அருவிக்குப் போகிற வழியில் எண்ணெய்க் குப்பிகளோடு வரிசையாக உட்கார்ந்திருக்கும் மசாஜ்காரர்களிடம் போய் நின்றோம்.

“யம்மா, ஆம்பளையாளுக உக்காந்திருக்காவ, இங்கன நிக்காதீங்க” என்றார் ஒருவர்.

“நாங்க அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதோம் அண்ணாச்சி. தேய்க்குத உங்க கையில இத மாட்டிக்கிடுங்க, போதும்.”

“கரண்டு அடிக்காதுல்லா?”

“அடிச்சா என் வீட்டுக்காரரக் கூட்டிட்டு வாரேன், பதிலுக்கு அவர அடிச்சுக்கிடுங்க.”

அந்த அண்ணாச்சி சிரித்துவிட்டார். சாரல் முடியும்வரை அவர் முழங்கைதான் எங்கள் சோதனைச் சாலை. எண்ணெயில் ஊறி, மடங்கி நிமிர்ந்து, சாயங்காலம் அருவித் தண்ணீரிலும் நனைந்தது. சனிக்கிழமைதோறும் மேடம் தென்காசியிலிருந்து பஸ் ஏறிப்போய், அறுந்ததை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்துவிட்டு வருவார். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில்தான் அறுந்தது. நீளும் ரப்பர் அறவில்லை, நீளாத மின்னணுச் சில்லும் உடையவில்லை. இரண்டும் சேருகிற விளிம்பில் கம்பி பிய்ந்தது. அந்த விளிம்பைச் சுற்றி ரப்பரைப் படிப்படியாகக் கெட்டியாக்கி, திடீரென்று மென்மையும் கடினமும் சந்திக்காதபடி செய்து முடித்த அன்று அவர் எனக்கு அல்வா வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த மாம்பழக் காலம் முழுக்க மாடசாமி அந்த டவுசரைச் சாரத்துக்குள் போட்டுக்கொண்டு மண்டியில் உட்கார்ந்தார். தோள் அதிர்ந்தால் பேனாவை வைத்துவிட்டு எழும்புவார். மூட்டைக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். “ஏலே மாடா, யாருலே தட்டுதா?” என்றால், “கோமதி மேடம் தட்டுதாங்க, கணக்க நிறுத்துலேங்காங்க” என்பார். நான் வாராவாரம் அவர் தோலைப் பார்த்தேன். சிவப்புகூட இல்லை. என் தொழிலில் இப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை.

பிறகு கல்லூரிக்குத் தர ஆய்வுக் குழு வருகிறது என்றார்கள். காட்டுவதற்கு ஏதாவது வேண்டும். தாளாளர் மேடமைக் கூப்பிட்டு, ‘அந்த உடுப்பு ரெண்டே நாளைக்கு வேண்டும்’ என்றார். மேடம் மாடசாமியிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். குழு வந்தது, பார்த்தது, கை குலுக்கியது, போனது. உடுப்பு திரும்பி வரவில்லை. வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டி செய்து, உள்ளே விளக்குப் போட்டு, நிர்வாகத்தின் பெயரைப் பெரிதாகவும் மேடமின் பெயரைச் சிறிதாகவும் எழுதி வைத்துவிட்டார்கள். கேட்டால், காப்புரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறோம், அது வரும்வரை வெளியாள் உபயோகிக்கக் கூடாது என்று பதில். வெளியாளாம்! யாருடைய உடம்பை அளவெடுத்து அதைச் செய்தார்களோ அந்த ஆள் வெளியாள்.

மேடம் சத்தம் போடுகிறவர் இல்லை. அன்றைக்கு மட்டும் தாளாளர் அறையில், வெளியே எழுத்தர்களுக்குக் கேட்கும்படி, “நான் செஞ்சது பாக்கதுக்கு இல்ல சார், உக்காரதுக்கு” என்று சொல்லியிருக்கிறார். மறுவாரமே ஆராய்ச்சி அறைக்கு வேறு பூட்டு. ‘மேடம் நன்றாகப் பேசுகிறார்கள், அட்மிஷன் வேலைக்குப் பொருத்தமானவர்கள்’ என்று சிவகிரி, ராயகிரி வட்டாரத்தை அவர் தலையில் கட்டினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில், வேலையைத் தூக்கி எறியுங்கள் என்றேன். “எறிஞ்சா அந்த ரூம் சாவி எனக்குக் கெடைக்கவே கெடைக்காது பேச்சி” என்றார். வீட்டு அடுப்படியில் இன்னொன்று செய்யப் பார்த்தார். ரப்பரை ஊற்றிவிடலாம், வளைந்த செம்புக் கோட்டை வெட்ட அந்தப் பூட்டிய அறையில் இருக்கும் கருவி வேண்டும்.

மாடசாமிக்குப் புண் வந்தது. நான்தான் முதலில் பார்த்தேன். உள்ளங்கை அகலம். மண்டி வேலை நின்றது. அன்றிலிருந்து இன்றுவரை குப்புறப் படுத்தபடி கிடக்கிறார். மேடம் பார்க்க வந்தபோது அவர் தலையைத் திருப்பி, “நீங்க என்ன செய்வீங்க மேடம், விடுங்க” என்றார். மேடம் பொன்னுத்தாயிடம் எண்ணெய்க் கிண்ணத்தை வாங்கி அவர் கால்களுக்குத் தேய்த்துவிட்டுப் போனார். நான் மேடமைக் கடைசியாக உயிரோடு பார்த்தது அன்றுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை கல்லூரியில் இரங்கல் கூட்டம். நானும் பொன்னுத்தாயும் போனோம். மேடையில் வைத்த படம் போதாதென்று அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கும் மாலை போட்டிருந்தார்கள். தாளாளர் பேசினார். எங்கள் கல்லூரிக் குடும்பத்தின் மூத்த சகோதரி, அவர் கண்டுபிடிப்பு ஏழைகளின் கண்ணீரைத் துடைக்கும் என்றார். துடைக்குமாம். எப்போது, யார் கண்ணீரை என்று கேட்க நான் எழுந்திருக்கும் முன் பொன்னுத்தாய் எழுந்துவிட்டாள்.

“சார், நான் மாடசாமி பொஞ்சாதி. ரெண்டு நாள்ல தாரோம்னு வாங்கிட்டு வந்தாவ. எங்க வீட்டுக்காரரு டவுசரக் குடுங்க, நான் போகுதேன்.”

கூட்டம் திரும்பிப் பார்த்தது. தாளாளர் புன்னகை மாறாமல், “அம்மா, அதுக்குன்னு ஒரு நடைமுறை இருக்கு” என்று ஆரம்பித்தார். அப்போது முன்வரிசையில் இருந்த சங்கரன் சார் எழுந்தார். பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனுஷன். “சாவியக் கொண்டாங்க” என்று மட்டும் சொல்லி, வரவேற்பறைக்குப் போய்ப் பெட்டியின் முன் நின்றுகொண்டார். கூட்டம் முழுக்க அவர் பின்னால் போனது. அத்தனை பேர் பார்க்கச் சாவி வராமல் இருக்க முடியுமா? வந்தது.

நான்தான் உள்ளே கை விட்டேன். உடுப்பு வரவில்லை. அழகாக விரிந்து தெரிய வேண்டும் என்பதற்காக வெல்வெட் பலகையோடு சேர்த்துச் சுற்றிலும் ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தார்கள். ஓரத்தில் மட்டும் இல்லை, நடுவிலும் அடித்திருந்தார்கள். வளைந்து வளைந்து போகும் செம்புக் கோடுகளின்மேல், கரி ரப்பரின்மேல், அந்த அண்ணாச்சியின் முழங்கையில் ஒரு சாரல் காலம் முழுக்க அறுந்து அறுந்து மேடம் சரிசெய்த விளிம்பின்மேல். அத்தனை எண்ணெயையும் தண்ணீரையும் தாங்கிய சாமானை இவர்கள் நோட்டீஸ் ஒட்டுகிற மாதிரி அடித்து முடித்திருந்தார்கள். மின்னணுவியல் படித்தவர்கள் நிறைந்த கட்டடம் அது. ஒருவர்கூடத் தடுக்கவில்லை.

நகத்தால் ஒவ்வொரு பின்னாக எடுத்தேன். விரலில் ரத்தம் வந்தது. தாளாளர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இனி இது வேலை செய்யாதும்மா” என்று பொன்னுத்தாயிடம் சொன்னேன். அவள் அதை மடித்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். “செய்யாட்டா என்ன? எங்களுக்குள்ளதுல்லா” என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

மேடம், உங்கள் ஆத்மா சாந்தியடையட்டும் என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கு அந்த வார்த்தை கைக்கு வரவில்லை. மாடசாமியின் புண் ஆறுமா என்று எனக்குத் தெரியாது. ஆராய்ச்சி அறை இன்னும் பூட்டியே இருக்கிறது. உங்களுக்கு என்னால் சொல்ல முடிந்த நல்ல செய்தி ஒன்றே ஒன்றுதான்: நீங்கள் செய்ததை இனி யாரும் நின்று வேடிக்கை பார்க்க முடியாது. போய் வாருங்கள்.