ஹீலரின் பந்தி வஞ்சனை

எங்கள் குழு இதுவரை பத்துப் பன்னிரண்டு டிராகன்களைக் கொன்றிருக்கிறது. அவற்றில் ஒன்றின் முகத்தைக்கூட நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை. மற்றவர்கள் கொம்பையும் இறக்கையையும் பற்றி வியந்து பேசும்போது, "ஆமாங்க, அருமைங்க" என்று ஒத்து ஊதிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவேன்.

வாரத்தில் ஆறு நாள் எனக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் வேலை. பம்ப் உதிரிபாகம் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் பர்ச்சேஸ் பார்க்கிறேன். சொன்ன நாளில் சரக்கு அனுப்பாதவர்களைப் போனில் மரியாதையாகத் திட்டுவதுதான் உத்தியோகம். ஏழாவது நாள், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஏழு பேருக்கு வைத்தியம் பார்ப்பேன். அது ஓர் ஆன்லைன் விளையாட்டு. ஒருவர் முன்னால் நின்று அரக்கனிடம் அடி வாங்குவார். ஆறு பேர் பக்கவாட்டில் நின்று அரக்கனை அடிப்பார்கள். யாரும் செத்துப்போகாமல் பின்னால் நின்று உயிர் கொடுக்கிறவள் ஹீலர். அது நான். எங்கள் குழுவில் ஹீல் செய்வதற்கு "ஊத்தறது" என்று பெயர். சாம்பார் ஊற்றுகிற மாதிரிதான்.

ஹீலருக்கு டிராகன் தெரியாது. பெட்டிகள்தான் தெரியும். ஆளுக்கொரு பெட்டி, பச்சை நிறத்தில். அடி விழ விழப் பச்சை குறையும். பார்த்து நிரப்ப வேண்டும். விளையாட்டோடு வருகிற பெட்டிகள் எனக்குப் பிடிக்கவில்லை. திரையின் இடது ஓரத்தில், ரேஷன் கடை வரிசை மாதிரி, ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்கும். அதை மாற்றத்தான் ஆட்ஆன் என்று ஒன்று உண்டு. யாரோ எழுதி இலவசமாகக் கொடுக்கிற குட்டி நிரல்கள் அவை. போட்டுக்கொண்டால் நம் திரையை நம் இஷ்டத்துக்கு அலங்கரிக்கலாம். எனக்கு அந்த வேலை விளையாட்டைவிடப் பிடித்துப்போனது. புதுமனை கட்டுகிறவள்போல ஒரு மாதம் உட்கார்ந்தேன். பெட்டிகளைத் திரை நடுவில் கொண்டுவந்து இரண்டு வரிசையாகப் போட்டேன். பெட்டிமேல் இடது கிளிக் செய்தால் கொஞ்சம் ஊற்றும், வலது கிளிக் செய்தால் நிறைய ஊற்றும். விஷம் ஏறினால் பெட்டியின் விளிம்பு கத்திரிப்பூ நிறமாகும். எல்லாவற்றுக்கும் மேலே ஒலி. யாருடைய உயிராவது கால்வாசிக்குக் கீழே போனால் எச்சரிக்கைச் சத்தம் வர வேண்டும். நம் விருப்பம்போல் எந்தச் சத்தத்தையும் வைக்கலாம் என்றிருந்தது. எங்கள் வீட்டுக் குக்கர் விசிலையே பதிவுசெய்து வைத்தேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே மூன்றாவது விசிலுக்கு வீட்டுக்காரர் எழுந்து சமையலறைக்கு ஓடினார். அடுப்பில் ஒன்றும் இல்லை.

"அம்மணி, குக்கரு எங்க?"

"குக்கரு அலமாரியில இருக்குதுங்க. எங்க ஆளு ஒருத்தரு சாகக் கெடக்கறாரு, பேசாதீங்க."

அவர் அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை மதியம் விசில் அடித்தால் எழுந்திருப்பதில்லை. ஒருநாள் நிஜமாகவே பருப்பு தீய்ந்துபோனது. அதற்கும் நானே காரணம் என்றார். இருக்கட்டும்.

இத்தனை பாடும் எங்கள் குழுவின் மரியாதையால் வந்தது. எட்டுப் பேரும் கொங்குப் பக்கத்துக்காரர்கள். தலைவர் ஈரோட்டில் பெட்ஷீட் வியாபாரம் செய்பவர். டிராகனையே "வாங்க" என்றுதான் கூப்பிடுவார். மற்ற ஊர்க் குழுக்களில் உயிர் குறைந்தவர் "ஹீல்!" என்று ஒரே சத்தம் போடுவாராம். எங்கள் ஆட்கள் மைக்கில், "ஏனுங்கக்கா, வேலையா இருக்கீங்களா? ஒண்ணுமில்லீங்க, கொஞ்சம் உசுரு கம்மியா இருக்கறாப்பல இருக்குது, நீங்க ஓய்வா இருந்தீங்கன்னா..." என்று ஆரம்பிப்பார்கள். வாக்கியம் முடிவதற்குள் ஆள் முடிந்துவிடுவார். சண்டை நேரத்தில் 'ங்க' போடக் கூடாது என்று தலைவர் ஒரு சட்டம் கொண்டுவந்தார். "இனிமேல் யாரும் 'ங்க' போடாதீங்க" என்று அவரே அறிவித்தார். சட்டம் அங்கேயே செத்தது.

கடைசியில் நான்தான் சொன்னேன்: "யாரும் எங்கிட்ட ஒண்ணும் கேக்க வேண்டாமுங்க. என்ற திரையில எல்லாம் தெரியுது. நான் பாத்து ஊத்தறேன்." எல்லோருக்கும் நிம்மதி. எனக்குத் தலை கொஞ்சம் கனத்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

எங்கள் வில்லாளி உடுமலைப்பேட்டைக்காரர். முப்பது வயதிருக்கும். தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். குறும்பான வாய். ஒருநாள் சண்டை நடுவே நான் செத்துப்போனேன். தவறு என்னுடையதுதான், பெட்டிகளைப் பார்க்கும் மும்முரத்தில் என் காலடியில் நெருப்புப் பிடித்ததை நான் பார்க்கவில்லை. எல்லோரும் "ஐயோ" என்றார்கள். வில்லாளி மட்டும், "அக்கா பூரிக்கு மாவு பெசையப் போயிட்டாங்களாட்ட இருக்குது" என்றார். ஆறு பேரும் சிரித்தார்கள்.

எனக்கு வந்ததே கோபம். வாரம் முழுக்க நாற்பது ஆண்களோடு போனில் மல்லுக்கட்டுகிறவள் நான். பூரி மாவாம்! அன்று சாயங்காலமே ஆட்ஆனைத் திறந்தேன். அவருடைய பெட்டியைக் கடுகளவுக்குச் சுருக்கினேன். நிறத்தைச் சாம்பலாக்கினேன். நடுவிலிருந்து இழுத்து, வலது கீழ் மூலையில், அரட்டைப் பெட்டிக்குப் பின்னால் சொருகினேன். அவருக்கு மட்டும் விசிலையும் நிறுத்தினேன். ஒரே ஒரு வாரம், வாய்க்கொழுப்பு அடங்கட்டும் என்றுதான் நினைத்தேன். செய்து முடித்ததும் அப்படி ஒரு திருப்தி. அந்த வாரம் கம்பெனியில் யாரையும் நான் திட்டவே இல்லை.

அடுத்த ஞாயிறு அவர் நான்கு தடவை செத்தார். எல்லோருக்கும் பொதுவாகத் தெளிக்கும் மந்திரம் ஒன்று உண்டு, அதில் அவருக்கும் நாலு துளி விழுந்திருக்கும். மற்றபடி ஒன்றும் போகவில்லை. "மன்னிச்சுக்குங்க, நான்தான் சரியா நிக்கலையாட்ட இருக்குது" என்றார். நான் மைக்கை அணைத்துவிட்டுச் சிரித்தேன். இரண்டாவது வாரமும் சிரித்தேன். மூன்றாவது வாரம் பெட்டியைப் பழையபடி நடுவில் வைக்க வேண்டும் என்று நினைத்தேன். விருந்தாளிகள் வந்தார்கள், மறந்துபோனேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கே இன்றுவரை விளங்காதது. அந்தக் கடுகுப் பெட்டியை நான் சுத்தமாக மறந்துவிட்டேன். கண்ணில் படாதவருக்கு நான் ஏன் ஊற்றவில்லை என்ற கேள்வியும் எனக்கு வரவில்லை. வில்லாளி என்றால் சாகிறவர், அவ்வளவுதான். ஆறாவது வாரம் தலைவர் என்னைத் தனியாக அழைத்து, "ஏனுங்க, தம்பி ஏனுங்க இப்படிச் செத்துக்கிட்டே இருக்காரு?" என்று கேட்டார். "அவருக்கு ஒதுங்கி நிக்கத் தெரியலீங்க" என்றேன். பொய் சொல்லவில்லை, மனதார நம்பித்தான் சொன்னேன். நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

பெரிய டிராகன் ஒன்று பாக்கி இருந்தது. அதற்கு வேறு ஆள் பார்க்கலாம் என்று தலைவர் முடிவுசெய்தார். அதைச் சொல்லும் சங்கடத்தை அவருக்கு வைக்காமல், எட்டாவது வாரம் முடிந்து வந்த புதன்கிழமை வில்லாளியே குழுவில் எழுதினார்: "என்னால எல்லாத்துக்கும் சிரமமுங்க. நான் ஒதுங்கிக்கறேன். ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. வாரம் பூரா இங்க தேங்காயும், தென்னையில விழற வெள்ளை ஈயும்தான் பேச்சு. தேங்காயைப் பத்திப் பேசாத மனுசங்க எனக்கு நீங்கதான் இருந்தீங்க. அதுக்கு நன்றிங்க." எல்லோரும் கைகூப்பும் படம் போட்டார்கள். நானும் போட்டேன்.

வெள்ளிக்கிழமை விளையாட்டுக்குப் புதுப் பதிப்பு வந்தது. புதுப் பதிப்பு வந்தால் பழைய ஆட்ஆன்கள் படுத்துவிடும். என் அலங்காரம் முழுவதும் கலைந்து, பெட்டிகள் மறுபடி ரேஷன் கடை வரிசையில் போய் நின்றன. திட்டிக்கொண்டே பழைய அமைப்புக் கோப்பைத் திறந்து, ஒவ்வொரு வரியாகப் பார்த்துப் புதிதில் ஏற்றிக்கொண்டிருந்தேன். முன்னால் நிற்பவர்: அளவு பெரிது, விசில் உண்டு. தலைவர்: அளவு நடுத்தரம், விசில் உண்டு. வில்லாளி: அளவு மிகச் சிறிது, நிறம் சாம்பல், இடம் மூலை, விசில் இல்லை.

அந்த வரியை மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

எங்கள் பக்கம் கல்யாணப் பந்தியில் ஓர் இலையை விட்டுவிட்டு அடுத்த இலைக்குப் பரிமாறினால், அதற்குப் பந்தி வஞ்சனை என்று பேர். செய்யக் கூடாத பாவம். விடுபட்டவர் "எனக்கு வெக்கலீங்க" என்று கேட்கவும் மாட்டார். வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு, உப்பைத் தொட்டுக்கொண்டு, பக்கத்து இலைக்காரரோடு மழையைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து போவார். நான் ஒருவரை எட்டு வாரம் வெறும் இலையில் உட்கார வைத்திருந்தேன். கூடவே, அவருக்குச் சாப்பிடத் தெரியவில்லை என்று வேறு சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமை காலை அவருக்குப் போன் செய்தேன். தேங்காய் மட்டை உரிக்கும் சத்தம் பின்னால் கேட்டது.

"தம்பி, ஒரு சமாச்சாரம் சொல்லோணும். நீங்க செத்ததெல்லாம் உங்க தப்பில்ல. நான் உங்க பெட்டியை..."

"தெரியுமுங்கக்கா."

"என்ன தெரியும்?"

"ஒவ்வொரு சண்டைக்கும் லாக் ஏறுதில்லீங்க? யாரு யாருக்கு எவ்வளவு ஊத்துனாங்கன்னு அதுல இருக்குமுங்க. ரெண்டாவது வாரமே பாத்தேன். என்ற பேருக்கு நேரா நாலு துளியத் தவுர ஒண்ணுமே இல்ல."

லாக் என்கிற அந்தச் சண்டைப் பதிவில் எல்லோரும் தாங்கள் அடித்த அடியைத்தான் பார்ப்பார்கள். ஹீலரின் கணக்கை யாரும் பார்ப்பதில்லை என்ற தைரியத்தில்தான் நானும் இருந்திருக்கிறேன் போலும்.

"அப்பறம் ஏன் தலைவருகிட்ட சொல்லலே?"

"சொன்னா உங்களைச் சத்தம் போடுவாருங்க."

"எங்கிட்டயாவது கேட்டிருக்கலாமில்ல? ஒரு வார்த்தை?"

மட்டை உரிக்கும் சத்தத்திலிருந்து கொஞ்சம் தள்ளிப் போனார்போல. குரல் தெளிவாக வந்தது.

"கேட்டிருந்தா ஊத்தியிருப்பீங்கக்கா. ஆனா அது கேட்டு வாங்குனதா ஆயிருமுங்க. அந்தப் பூரி மாவுப் பேச்சு தப்புத்தானுங்க. உங்க கோவம் தீரட்டும்னு இருந்தேன். கொஞ்சம் நாளாயிருச்சு, அவ்வளவுதான்."

கோபம் இரண்டாவது வாரமே தீர்ந்துவிட்டது, மிச்ச ஆறு வாரம் வெறும் மறதி என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன். அதுதான் அவருக்கு வலித்தது என்று நினைக்கிறேன். பிறகு, "அப்பச் செரிங்க" என்றார். "நாளைக்கு வாங்க தம்பி" என்றேன். "பாக்கறேனுங்க" என்றார். எங்கள் ஊரில் பார்க்கிறேன் என்றால் வரமாட்டேன் என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை புது ஆள் தயாராக வந்து நின்றார். நான் மைக்கை எடுத்து, எட்டு வாரக் கதையையும் ஒன்று விடாமல் சொன்னேன். கடுகு, சாம்பல், மூலை, விசில், தலைவரிடம் சொன்ன வார்த்தை, எல்லாம். யாராவது ஒருவர் திட்டியிருந்தால் தேவலை. தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தம்பியைக் கூப்புடறேனுங்க" என்றார். புது ஆளும் நல்ல மனிதர், "நான் இன்னொரு நாளைக்கு வாரேனுங்க" என்று விலகிக்கொண்டார். அரைமணி நேரம் நாங்கள் ஏழு பேரும் டிராகன் வாசலில் சும்மா நின்றோம். பிறகு வில்லாளி வந்தார். நேராகப் போய்த் தன் இடத்தில் நின்றுகொண்டார்.

சண்டை ஆரம்பித்தது. அவருடைய பெட்டியை நட்டநடுவில் வைத்திருந்தேன். பச்சை ஒரு நூல் குறைந்தாலும் ஊற்றினேன். முன்னால் நிற்பவர் சாகப்போய், விசில் இரண்டு தடவை அடித்ததும்தான் அவரையும் கவனித்தேன். நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது வில்லாளியின் பெட்டி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரேயடியாகக் கறுத்தது. வலது கிளிக்கை நான் அழுத்துவதற்குக்கூட நேரமில்லை.

மறுபடி நான்தான் அவரை விட்டுவிட்டேன் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

"அக்கா, பயப்படாதீங்க" என்றது அவர் குரல், அவசர அவசரமாக. "இது நானா செத்ததுங்க. டிராகன் நெருப்பு ஊதும்போது நேராப் போய் நின்னுபோட்டேன். இது என்ற தப்புத்தானுங்க, சத்தியமா."

ஆறு பேரும் வெடித்துச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். இரண்டையும் மறைக்க மைக்கை அணைத்துவிட்டு, மிச்சம் இருந்தவர்களுக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன்.